ஒரு நாள் மூத்த முட்டை

“காக்கா அவ்வளவு விவரமான பறவை. தன் கூட்டில் குயில் முட்டை கிடப்பது அதற்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?” என்று மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் நிறம். பாம்பன் பக்கம் வேம்பில் இருக்கும் காக்கைக் கூட்டைப் பார்த்தால் முள்ளுக்குச்சி, கட்டுக்கம்பி, நைலான் வலை நூல் எல்லாம் பின்னிக் கிடக்கும். நடுவில் நாரின் மேல் நீலப்பச்சை முட்டைகள், பழுப்புத் தீற்றலோடு. குயிலின் முட்டையும் ஏறக்குறைய அதே சாயல்தான். பச்சையில் கொஞ்சம் சாம்பல், மேலே செம்பழுப்புப் புள்ளி. பறவை முட்டைகளின் நிறமெல்லாம் பெரும்பாலும் இரண்டே நிறமிகளின் வேலை: நீலப்பச்சைக்கு பிலிவெர்டின், பழுப்புக்கு புரோட்டோபார்ஃபைரின். ஓடு உருவாகும் இடத்திலேயே சாயமும் ஏறிவிடும். ஆனால் குயில் முட்டை அளவில் சிறியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும். காக்கை அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

சரி, முட்டை கூட்டில் தங்கிவிட்டது. அது மட்டும் போதாது, காக்கைக் குஞ்சுக்கு முன்னால் பொரிக்கவும் வேண்டும். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். கரு உண்டாகி, வெண்கரு சேர்ந்து, ஓடு மூடி வெளியே வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குள்ளேயே கரு பிளந்து வளரத் தொடங்கியிருக்கும். முட்டை வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடும். அடையில் வைத்தால்தான் மறுபடி தொடங்கும். ஐரோப்பியக் குயில் இங்கே ஒரு தந்திரம் செய்கிறது. ஓடு முடிந்த முட்டையை உடனே இடாமல், இன்னொரு நாள் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடுகிறது. உடம்புச் சூடு 40 டிகிரி; கூட்டில் அடைச்சூடு 36 அளவில்தான். ஆகவே உள்ளே கழியும் 24 மணி நேரம் வெளியே 31 மணி நேர அடைக்குச் சமம். இங்கிலாந்தில் பறவையியலாளர் டிம் பர்க்ஹெட் குழுவினர் ஜீப்ரா ஃபின்ச் என்ற சிறு பறவையின் முட்டைகளைச் சூட்டில் வைத்துப் பார்த்து, 2011இல் இந்தக் கணக்கைச் சொன்னார்கள். வயிற்றுக்குள்ளேயே ஒரு நாளுக்கு மேற்பட்ட அடைகாப்பு! நம்மூர்க் குயில் முட்டையையும் இப்படிச் சோதிக்க ஏணி, வெப்பமானி, பொறுமை போதும். பெரிய கருவிக்குத்தான் நிதி என்ற மனநிலை மாறினால் நல்லது.

நம் குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிக்கும், காக்கைக் குஞ்சுக்குச் சுமார் 3 நாள் முந்தி. ஐரோப்பியக் குயில் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளிவிடும். நம்முடையது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. முதலில் பிறந்ததால் வாயைப் பிளப்பதிலும் முதல், அவ்வளவுதான். ஆரம்பத்தில் காக்கை மாதிரியே கத்தவும் செய்யும். பழந்தின்னிக் குயிலின் பிள்ளை அந்த மூன்று நான்கு வாரம் கடற்கரைக் கருவாட்டில் வளரும்.

வீட்டு மரத்தில் காக்கைக் கூடு ஆகாது என்று கம்பால் தட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அமாவாசைக்குச் சோறு வைத்து ‘கா கா’ என்று கூப்பிடுகிறவர்களும் இவர்கள்தான்.

வாசகர் கேட்டதற்கு வருகிறேன். காக்கைக்குக் குயிலை நன்றாகவே தெரியும், கண்டால் துரத்தும். அந்தத் துரத்தலையே குயில் சில சமயம் பயன்படுத்திக்கொள்கிறது. கறுப்பு ஆண் கூட்டருகே வந்து கத்தி வம்பிழுக்கும், காக்கைகள் அதன் பின்னால் பறக்கும், புள்ளி போட்ட பெண் அந்த இடைவெளியில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.