ரேடியோ மாட்டியாச்சு சரி, பின்னாடி வர்ற ட்ரக் டிரைவர் பேசறது உங்களுக்கு கேக்குதா?

மெல்போர்ன்ல 14 வருஷமா ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பாக்குறேன். கேரவனுக்கும் (கார் பின்னாடி இழுத்துட்டு போற சக்கர வீடு) ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் யூஹெச்எஃப் ரேடியோ, அதாவது வண்டிக்கு வண்டி பேசிக்கிற ரேடியோ, மாட்டுறதுதான் எனக்கு வர்ற வேலையில பாதி. ஸ்கூல் லீவு நெருங்குனா நம்ம தமிழ் ஆளுங்களும் நெறைய வருவாங்க, ரெண்டு மூணு குடும்பமா சேந்து நல்லார்பார் சமவெளி தாண்டி பெர்த் வரைக்கும் போறவங்க, உளுரு பாறை பாக்கப் போறவங்கன்னு. மாட்டிட்டு சந்தோஷமா கெளம்பிடுறாங்க, ஆனா அத எப்படி வெச்சுக்கணும்னு யாரும் கேக்குறதில்ல, அதான் எழுதுறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி வந்தாரு. "அண்ணா, ரேடியோல ஏதோ கோளாறு, எங்க மூணு வண்டிக்குள்ள நல்லா பேசிக்கிட்டோம், வேற ஒருத்தர் குரல்கூட வரல"ன்னாரு. விசாரிச்சா, ஸ்டூவர்ட் ஹைவேல ஒரு ரோட் ட்ரெயின் (ரெண்டு மூணு டிரெய்லர் கோத்த நீளமான ட்ரக்) ரொம்ப தூரம் இவர் பின்னாடியே வந்திருக்கு, அப்புறம் ஹாரன் அடிச்சுட்டே தாண்ட ஆரம்பிச்சதும் இவர் பதறிப்போய் இடது பக்க சக்கரத்த ஜல்லியில எறக்கிட்டாரு, கேரவன் வாலாட்ட ஆரம்பிச்சிருச்சு, பின் சீட்ல ரெண்டு குழந்தைங்க. எப்படியோ தப்பிச்சு வந்துட்டாங்க. அவர் சொல்லச் சொல்ல எனக்கு கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு.

ரேடியோவ ஆன் பண்ணி பாத்தேன், கோளாறு ஒண்ணும் இல்ல. டிஸ்பிளே மூலையில மிளகு சைஸுக்கு 'சிடி'ன்னு ஒரு குறி. அதாவது சிடிசிஎஸ்எஸ் டோன் ஆன்ல இருக்கு. குரலுக்கு அடியில காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய டோன் சேந்து போகும், அதே டோனோட வர்ற பேச்ச மட்டும்தான் உங்க ரேடியோ ஸ்பீக்கருக்கு விடும். நெறைய பேர் இத பிரைவேட் லைன்னு நெனச்சு ஆன் பண்ணி வெச்சுக்குறாங்க. நீங்க பேசறது ஊருக்கே கேக்கும்ங்க, மத்தவங்க பேசறதுதான் உங்களுக்கு கேக்காது! போதாக்குறைக்கு மூணு வண்டியும் 18-ஆம் சேனல்ல இருந்திருக்கு. அது கேரவன்காரங்க வழக்கமா பேசிக்கிற சேனல், ட்ரக்காரங்க இருக்குறது 40-ல. பின்னாடி வந்தவர் 40-ல எத்தன தடவ கூப்பிட்டாரோ, இவருக்கு ஒண்ணுமே வந்து சேரல.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுதான். டேஷ்போர்டுல மாட்டுன ரேடியோ 40-லயே இருக்கட்டும், டோன் ஆஃப்ல இருக்கட்டும். குடும்பத்துக்குள்ள பேச, கேரவன ரிவர்ஸ் எடுக்க கையில வெச்சுக்குற சின்ன ரேடியோவ தனியா வாங்கி 18-ல போட்டுக்கோங்க. நியூ சவுத் வேல்ஸோட வடக்குப் பக்கமும் குயின்ஸ்லாந்துலயும் பசிபிக், புரூஸ் ஹைவேல போனா ட்ரக்காரங்க 29-ல இருப்பாங்க, அங்க மாத்திக்கணும். கேரவன் பின்னாடி சேனல் நம்பர பெருசா ஸ்டிக்கர் ஒட்டுங்க, பின்னாடி வர்றவருக்கு உங்கள எப்படி கூப்பிடறதுன்னு தெரியணும்ல.

ரோட் ட்ரெயின் ஐம்பத்து மூணரை மீட்டர் நீளம் வரைக்கும் இருக்கும், அது உங்கள தாண்டி முடிக்க நெறைய தூரம் ஆகும். கண்ணாடியில பெருசா தெரிய ஆரம்பிச்சதும் மைக்க எடுத்து, பட்டன அமுக்கிப் பிடிச்சு ஒரு நொடி பொறுத்து, "ட்ரக் பிஹைண்ட் த வைட் கேரவன், ஐ ஸீ யூ மேட்"னு ஒரு வார்த்த சொல்லுங்க, அவருக்கு பாதி டென்ஷன் போயிடும். ஸ்பீட கூட்டாதீங்க, ஜல்லியில எறங்காதீங்க, உங்க லேன்லயே நேரா போங்க. அவர் முழுசா பக்கத்து லேனுக்கு போனப்புறம் ஆக்ஸிலரேட்டர லேசா விட்டா போதும், சீக்கிரம் முடிச்சுட்டு உள்ள வந்துடுவாரு.

சிம்ப்சன் பாலைவனம் போறவங்களுக்கு சேனல் 10. அங்க மணல் மேடு ஆயிரத்துக்கு மேல இருக்கு, பேர்ட்ஸ்வில் பக்கத்துல இருக்குற பிக் ரெட்ங்கற மேடு சுமார் 40 மீட்டர் உசரம். நீங்க இந்தப் பக்கம் வேகமா ஏற, இன்னொருத்தர் அந்தப் பக்கத்துல இருந்து அதே தடத்துல ஏறி வந்தா உச்சிக்கு போற வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் வண்டிக்கு முன்னாடி தரையிலேர்ந்து 3.5 மீட்டர் உசரத்துக்கு கொடி கட்ட சொல்றாங்க. கொடியும் கட்டணும், எத்தன வண்டி, எந்தப் பக்கம் போறோம்னு 10-ல அப்பப்ப சொல்லிட்டும் போகணும்.

5-ம் 35-ம் அவசரத்துக்கு மட்டும், அதுல அரட்டை சட்டப்படி தப்பு. இன்னொண்ணு, அந்த சேனல்ல எப்பவும் யாராவது காது குடுத்துட்டு இருப்பாங்கன்னு நம்பிடாதீங்க. 5 வாட் ரேடியோ, நேர் பார்வையில எட்டுற வரைக்கும்தான் போகும், நடுவுல ஒரு மலை வந்தா அவ்ளோதான். டியூப்ளெக்ஸ் பட்டன் (பேச்ச வாங்கி திரும்ப தூரத்துக்கு அனுப்புற ரிப்பீட்டர் டவர் வழியா பேசுறதுக்கானது) தெரியாம ஆன்ல இருந்தா 5-ல பேசறதா நெனச்சு நீங்க 35-ல பேசிட்டு இருப்பீங்க, பக்கத்துல ரிப்பீட்டர் டவர் இல்லன்னா அடுத்த வண்டிக்குகூட கேக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு குழந்தைங்கள கூட்டிட்டு போறீங்கன்னா 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி (ஆபத்துல ஆன் பண்ணா சாட்டிலைட் வழியா மீட்புக் குழுவுக்கு தகவல் அனுப்புற சின்ன கருவி) ஒண்ணு கட்டாயம் வாங்குங்க, தயவு செஞ்சு அதுல காச மிச்சம் பிடிக்காதீங்க.

அமெரிக்காவுல இருக்குற மச்சான் குடுத்த வாக்கி டாக்கிய இங்க யூஸ் பண்ணக் கூடாது, அது 462 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுறது, இங்க நம்ம யூஹெச்எஃப் ரேடியோ ஓடுறது 476, 477-ல. ஆன்டெனா கேபிள பானட் இடுக்குல நசுக்கி கொண்டு வராங்க, அதையும் ஒரு தடவ தடவி பாத்துக்கோங்க.

அந்த தம்பி வண்டிய எடுக்க வந்த அன்னிக்கு அவர் வீட்டம்மாவும் வந்திருந்தாங்க. மைக்க நீட்டுனா "எனக்கெதுக்குண்ணா, அவர் பாத்துப்பாரு"ன்னு ஒதுங்குனாங்க. அவர் கை ஸ்டியரிங்ல இருக்கும்மா, நீதான் பேசணும்னு சொல்லிட்டு நான் ஒரு கை ரேடியோவ எடுத்துட்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து போய் நின்னேன். மொத தடவ பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே பேசிட்டாங்க போல, பாதி வார்த்ததான் வந்துச்சு. மூணாவது தடவ தெளிவா, "அண்ணா, கேக்குதா?"ன்னு வந்துச்சு.