கறிக்குள் ஒரு முப்புரிக் கயிறு

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியூசிலாந்தில் வேலை பார்க்கும் மகன் அங்கே கடையில் மான்கறி வாங்கி, வீட்டில் ஆட்டுக்கறிக்குச் செய்கிற பக்குவத்திலேயே குக்கரில் ஐந்து விசில் விட்டானாம். பாதித் துண்டு மரத்தூளாக உதிர்ந்தது, பாதி செருப்புத்தோலாக இழுத்தது, மொத்தத்துக்கும் ஈரல் வாடை. என்ன தப்பு?

விசிலில் தப்பில்லை. இரண்டு வேறு கறிகளை ஒரே சட்டியில் போட்டதுதான் தப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, பாலமோர் காடுகளில் திரியும் மிளா என்ற மான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. வேட்டையாடுவது மட்டுமல்ல, கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றம். மிளாக்கறி மூட்டுவலிக்கு நல்லது என்று இன்னும் சிலர் காதைக் கடிக்கிறார்கள். எந்த விலங்கின் சவ்வானாலும் வயிற்றுக்குள் போனதும் அமினோ அமிலங்களாகவும் குட்டைத் துணுக்குகளாகவும்தான் உடையும். அது மிளாவினுடையதா ஆட்டினுடையதா என்று குடலுக்குத் தெரியாது. நியூசிலாந்துக் கதை வேறு. அங்கே மான் பூர்வீக விலங்கே அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்டார்கள், இன்று மாட்டைப்போலப் பண்ணையில் வளர்க்கிறார்கள். நம் ஊரில், இனி சொல்லப்போகும் கணக்கைப் பண்ணை முயலிலும், ஜப்பானியக் காடையிலும், முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியிலும் போட்டுப் பார்க்கலாம்.

கறி என்பது பெரும்பாலும் தண்ணீர். அதைத் தாங்கும் புரத இழைகள் 50 டிகிரியில் சுருங்கத் தொடங்கி, 70-ஐத் தாண்டும்போது பிழிந்த துணியாகிவிடும். வெள்ளாட்டுக் கறியில் ஊடோடும் கொழுப்பு இந்த வறட்சியை ஓரளவு மறைக்கும். மான்கறியில் அது இரண்டு மூன்று சதவீதம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஈரல் வாடைக்குக் காரணம் இரும்பு. ஓடித் திரியும் விலங்கின் தசையில், அதற்குச் சிவப்பு நிறம் தரும் இரும்புப் புரதமான மயோகுளோபின் அதிகம். அளவுக்கு மீறி வெந்தால் அதிலுள்ள இரும்பு, செல் சவ்வுகளிலுள்ள கொழுப்புகளை ஆக்சிஜனேற்றம் செய்து அந்த வாடையைக் கிளப்புகிறது. தசையை மூடியிருக்கும் வெள்ளைக் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். ஆறினால் அண்ணத்தில் மெழுகாக உறையும்.

இனி கயிறு. தசை இழைகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து வைத்திருக்கும் வெண்ணிறச் சவ்வின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று புரதச் சரடுகள். ஒவ்வொன்றும் இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றும். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். சரடை ஒரு திசையில் முறுக்கி, சரடுகளை எதிர்த்திசையில் பின்னினால்தான் கயிறு தானாகப் பிரியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சரட்டில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம்தான் உட்கார வேண்டும். மூன்று சரடும் நெருங்கும் நடு அச்சில் அவ்வளவு நெரிசல். பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் மட்டுமே உள்ள கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கே நுழையாது.

இந்த மும்முறுக்கு வடிவத்தைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954-இல். எக்ஸ் கதிர்ப் படத்துக்கு அவர்களுக்குக் கிடைத்த நல்ல மாதிரி, அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்த கங்காரு வாலின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். தோல் நிறுவனத்துக்குக் கொலாஜனில் என்ன வேலை என்று கேட்டால், தோல் என்பதே கொலாஜன்தான். பதனிடுவது என்றால் அந்தக் கயிறுகளுக்கிடையே கூடுதல் முடிச்சுகள் போடுவது, அதன் பிறகு தோல் வெந்நீரில் உருகாது. கிழட்டு விலங்கின் உடம்பிலும் வயதோடு இதே வகை முடிச்சுகள் தானாக இறுகுகின்றன. கிழக்கோழி வேக மறுப்பதன் ரகசியம் இதுதான். ஆகவே அந்த மகன் ‘செருப்புத்தோல்’ என்றது உவமையே அல்ல. கங்காரு வாலை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டு அன்று பணத்தை மறுத்திருந்தால் இந்தப் பத்தி இல்லை. இன்றும் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

சமையலில் இந்தக் கயிற்றுக்கு இரண்டு கட்டம். 60 முதல் 65 டிகிரியில் சுருங்கித் தசையை நெரித்துச் சாற்றைப் பிழியும். 80-க்கு மேல், மணிக்கணக்கில், முறுக்கு பிரிந்து ஜெலட்டினாகக் கரையும். இரண்டுக்கும் நடுவில் சமையல்காரர் மனமுடைந்து போகிற கட்டம் ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் வெந்த தொடைக்கறி, இருபது நிமிடம் வெந்ததைவிடக் கடினமாக இருக்கும். சுருக்கம் முடிந்துவிட்டது, பிரிதல் முடியவில்லை. அங்கே அடுப்பை அணைத்தால் போச்சு.

ஆகவே கறியைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீளச் சதையில் கயிறு குறைவு. சூடு குறைவாக, நேரம் குறைவாக. தோள், கழுத்து, முன்னங்கால் எல்லாம் கயிறு மயம். அவற்றுக்கு நேரம்தான் மருந்து.

முதுகுச் சதை அரைக் கிலோ என்றால் மேலே வெள்ளியாக மின்னும் சவ்வை உரித்துவிடுங்கள். அதில் எலாஸ்டின் என்ற இழுபடும் புரதம் கலந்திருக்கிறது, எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் கரையாது. 7 கிராம் உப்பைத் தடவி இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் மூடாமல் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கி நீரைப் பிடித்து வைக்கும், மேற்பரப்பு உலரும். ஈரம் இருந்தால் சதை வறுபடாது, அவியும். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, நிமிடத்துக்கொரு முறை புரட்டி, மொத்தம் 7, 8 நிமிடம். நடுவில் 53 டிகிரி காட்டியதும் எடுத்து எட்டு நிமிடம் ஆறவிட்டால் உள்சூடு தானாக இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். அதே கல்லில் பத்துச் சின்ன உள்ளி, கறிவேப்பிலை, ஒன்றிரண்டாக இடித்த ஒரு தேக்கரண்டி நல்லமிளகு. நல்லமிளகை முதலிலேயே தடவினால் கருகிக் கசக்கும். இழைக்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிப் பிரட்டுங்கள். கர்ப்பிணிகளும், வேட்டையில் கிடைத்த கறியைச் சமைப்பவர்களும் இந்த இளஞ்சிவப்புப் பக்குவத்தைத் தொடக் கூடாது. டாக்சோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கலாம். அவர்களுக்கு உள்சூடு 71 டிகிரி வேண்டும், அதற்குக் குழம்பே மேல்.

குழம்புக்குத் தோள்கறி ஒரு கிலோ, 5 சென்டிமீட்டர் துண்டுகள். சிறிதாக வெட்டினால் சுருங்கிச் சுண்டைக்காய் ஆகும். 12 கிராம் உப்பு, முந்தைய இரவே. மூன்று கரண்டி தேங்காயெண்ணெயில் நாலைந்து துண்டுகளாகச் சிவக்க வறுத்து எடுங்கள். கால் கிலோ உள்ளி, இஞ்சி, பூண்டு வதக்கி, கறியோடு இரண்டு சுளை கொடம்புளி, மூழ்கும் அளவு தண்ணீர். அமிலம் கயிற்றை ஊதவைத்து வேகமாகப் பிரிக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும் சூட்டில் இரண்டரை மணி நேரம். அரைமூடித் தேங்காய், மூன்று கரண்டி மல்லி, எட்டு வத்தல், பெருஞ்சீரகம், நல்லமிளகு வறுத்தரைத்த மசாலாவைக் கடைசி இருபது நிமிடத்தில்தான் விட வேண்டும். முன்பே விட்டால் அடிப்பிடிக்கும். குக்கர்தான் உண்டென்றால் விசில் எண்ணாதீர்கள். முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 30 நிமிடம், அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருங்கள். அவசரமாக ஆவியைத் திறந்துவிட்டால் கறிக்குள்ளிருக்கும் நீர் கொதித்து வெளியேறி, மறுபடியும் மரத்தூள்தான்.

பப்பாளிக்காய் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். பப்பாளியின் நொதி மேற்பரப்பில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். இரவு முழுக்க விட்டால் வெளியே கூழ், உள்ளே அதே கயிறு.

பண்ணை முயலுக்கும் இதே பிரிவினை: பின்னங்கால்களை முக்கால் மணி நேரம் வேகவிட்டு, முதுகுத் துண்டுகளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். காடைக்குக் கயிறு இறுக வயதே ஆவதில்லை. முதுகெலும்பை வெட்டி விரித்து, தோல் கல்லில் படும்படி நான்கு நிமிடம், திருப்பி மூன்று.

மறுநாள் காலை குளிர்ப்பெட்டியில் அந்த மான்குழம்பு கட்டியாக இருந்தால் நெய் உறைந்துவிட்டது என்று வழித்து எறிந்துவிட வேண்டாமென்று மகனிடம் சொல்லுங்கள். சட்டியை ஆட்டினால் தளதளவென்று அசையும். பிரிந்த சரடுகள் குளிரில் மறுபடி ஒன்றையொன்று சுற்றப் பார்த்து, பாதியில் சிக்கிக்கொண்ட ஜெலட்டின் அது. சிறுதீயில் வைத்தால் இளகிவிடும், அவித்த மரச்சீனி மேல் அப்படியே ஊற்றலாம்.