மின்னஞ்சலில் வராத செய்தி: மென்பொருள் ரெய்டில் பேட் பிளாக்

டிஸ்கில் ஒரு செக்டர், அதாவது தரவு எழுதப்படும் மிகச் சிறிய துண்டு, கெட்டால் அன்றே தெரிந்துவிடாது. என்றோ எழுதி, மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் படிக்காத 4096 பைட், படிக்கப் போகும் நாளில்தான் கைவிரிக்கிறது. பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கச் செய்யும் ரெய்டு 5 தொகுப்பில் அந்த நாள் பல சமயம் மிக மோசமான நாளாக அமைகிறது: இன்னொரு டிஸ்க் செத்து, அதன் இடத்தில் புதியதைப் போட்டு மறுகட்டமைப்பு ஓடிக்கொண்டிருக்கும். எல்லா டிஸ்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டிய வேலை அது.

தொகுப்பு முழுமையாக இருக்கும்போது லினக்ஸில் மென்பொருள் ரெய்டை நடத்தும் எம்டி டிரைவர் இதை அழகாகச் சமாளிக்கும். ஒரு டிஸ்க் படிப்புப் பிழை தந்தால், மற்ற டிஸ்குகளின் தரவையும் பேரிட்டியையும் (விடுபட்டதை மீட்கக் கூடவே எழுதி வைக்கும் கணக்கு) கொண்டு விடுபட்டதைக் கணக்கிடுகிறது. கேட்ட நிரலுக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிழை வந்த இடத்திலேயே திரும்ப எழுதி, மீண்டும் படித்துப் பார்க்கிறது. முக்கியமான படி இந்தத் திரும்ப எழுதுவதுதான். படிக்க முடியாத செக்டரை டிஸ்க் தானாக மாற்றாது, உள்ளே இருந்தது என்னவென்று அதற்குத் தெரியாதே. புதிய தரவு வந்த பிறகுதான் அதே இடத்தில் எழுதிப் பார்க்கும், அல்லது உபரிப் பகுதிக்கு மாற்றும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 197-ஆம் எண், அதாவது காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு, அப்போது இறங்கும். உபரிப் பகுதிக்கு மாற்றியிருந்தால் 5-ஆம் எண் ஏறும்.

இவ்வளவும் நடந்ததற்குச் சாட்சி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் ஒரே ஒரு வரி, படிப்புப் பிழை திருத்தப்பட்டது என்று. தொகுப்பைக் கையாளும் எம்டி-ஆடம் கருவியின் கண்காணிப்பு நிரல் இதற்கு மின்னஞ்சல் அனுப்பாது. டிஸ்க் தொகுப்பிலிருந்து விழுந்தால்தான் அனுப்பும். தொகுப்பின் நிலையைச் சொல்லும் எம்டி-ஸ்டாட் கோப்பும் எல்லா டிஸ்கும் நலம் என்றே காட்டும். ஒரே டிஸ்கில் வாரந்தோறும் இந்த வரி வந்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. லாகைப் படிப்பவருக்குத்தான் அது தெரியும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும் பெரிய காரணம் நேரம். மேசைக் கணினிக்கான டிஸ்குகள் சில, ஒரு செக்டரைப் படித்தே தீருவது என்று 2 நிமிடத்துக்கும் மேலாக முயலும். கர்னலின் பொறுமையோ 30 வினாடி. அது முடிந்ததும் இணைப்பை ரீசெட் செய்யும். டிஸ்க் இன்னும் அந்த முயற்சியிலேயே இருப்பதால் பதில் வராது. எம்டி திரும்ப எழுதப் போனால் அதுவும் தோற்கும். ஒரு செக்டருக்காக முழு டிஸ்கும் வெளியே போகிறது. தீர்வு எளிது. டிஸ்க் ஏற்றுக்கொண்டால், ஸ்மார்ட் கருவியால் அதன் பிழை மீட்பு நேர வரம்பைப் படிப்புக்கு 70, எழுத்துக்கு 70 என அமைக்கலாம். அலகு பத்தில் ஒரு வினாடி, ஆகவே 7 வினாடி. ஏற்காவிட்டால் கர்னலின் காத்திருப்பை அந்த டிஸ்குக்கு 180 வினாடியாக உயர்த்த வேண்டும். இரண்டாவது அமைப்பு மறுதொடக்கத்தில் போய்விடும், முதலாவதும் பெரும்பாலான டிஸ்குகளில் மின்சாரம் போனால் போய்விடும். அதனால் தொடக்க ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள்.

எழுதவே முடியாத இடத்துக்கு என்ன வழி? கர்னல் 3.1-இல், 2011-இல், பேட் பிளாக் பட்டியல், அதாவது டிஸ்கில் கெட்ட இடங்களின் பட்டியல், வந்தது. ஒவ்வொரு டிஸ்கிலும் எம்டி தன் குறிப்புகளை வைக்கும் மெட்டாடேட்டாவில் 4 கிலோபைட் இடம், பதிவுக்கு 8 பைட் வீதம் 512 பதிவுகள். எழுத்துப் பிழை வந்தால் டிஸ்கை வெளியேற்றாமல் அந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. பதிவு டிஸ்கில் ஏறும்வரை, எழுதி முடிந்தது என்று மேலே சொல்லாது. சொல்லிவிட்டு நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை அந்த இடத்திலுள்ள பழைய தரவைச் சரியானது என்று படித்துவிடும் அபாயம் உண்டு. பட்டியல் நிரம்பிவிட்டால் டிஸ்க் பழைய வழக்கப்படி வெளியே.

இந்தப் பட்டியலில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மறுகட்டமைப்பின்போது மூல டிஸ்க் ஒன்றில் ஒரு செக்டர் படிக்க வரவில்லை என்று வையுங்கள். புதிய டிஸ்கில் அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று எம்டிக்குத் தெரியாது. ஆகவே புத்தம்புது டிஸ்கின் பட்டியலிலும் அந்த எண் ஏறும். டிஸ்கில் பழுதே இல்லை. 'இங்கே சரியான தரவு இல்லை' என்பதுதான் அந்தப் பதிவின் பொருள். இரண்டு டிஸ்கில் ஒரே எண்கள் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. அந்த இடத்தைப் படிக்கும் நிரலுக்குப் பிழையே கிடைக்கும். புதிய தரவு வெற்றிகரமாக எழுதப்பட்டால் பதிவு நீங்கும்.

பட்டியலைத் தூக்கி எறியவும் வழி உண்டு: டிஸ்குகளை ஒன்றுசேர்த்துத் தொகுப்பை இயக்கும்போது அதை வலிந்து நீக்கச் சொல்லலாம். அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள். நீக்கிய பிறகு, அங்கே கிடக்கும் குப்பையை எம்டி உண்மையான தரவாகவே கொடுக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. முதலில் காப்புப் பிரதி, பிறகு எந்தக் கோப்புகள் படிக்க வரவில்லை என்ற பட்டியல், அதன் பிறகே இந்தக் கட்டளை.

பேட் பிளாக் பட்டியலில் ஏதேனும் இருக்கிறதா என்று எம்டி-ஆடமின் பரிசோதனைக் கட்டளையால் ஒவ்வொரு டிஸ்காகக் கேட்க வேண்டும். நாள்தோறும் கேட்டு, வெறுமையாக இல்லாவிட்டால் மின்னஞ்சல் அனுப்பும் நாலு வரி ஸ்கிரிப்டை நீங்களே எழுதி வைப்பது நல்லது. அதிலேயே ஸ்மார்ட் எண் 5, 197, 198 (டிஸ்கின் சொந்தச் சோதனையில் திருத்த முடியாத செக்டர்கள்) மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை முழுத் தொகுப்பையும் படித்துப் பார்க்கும் சோதனையும் ஓட வேண்டும். டெபியனில் இது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாக ஓடும். படிப்புப் பிழைகள் அப்போதே சரியாகும். பேரிட்டி பொருந்தாத இடங்களை எண்ணிக்கையாக மட்டும் காட்டும். 'ரிப்பேர்' கட்டளை கொடுத்தால் ரெய்டு 5-இல் தரவை நம்பிப் பேரிட்டியைத் திருத்தி எழுதுகிறது, ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரே தரவின் பிரதி இருக்கும் ரெய்டு 1-இல் ஒரு பிரதியை மற்றதன் மேல் நகலெடுக்கிறது. எந்தப் பக்கம் சரியென்று அதற்குத் தெரியாது.

சந்தேகம் வந்த டிஸ்கைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். இடம் இருந்தால் புதியதைக் கூடவே மாட்டி, பழையதை இதனால் மாற்று என்று எம்டி-ஆடமிடம் சொல்லுங்கள். கர்னல் 3.3 முதல் இது முடியும். பழைய டிஸ்க் தொகுப்பில் இருக்கும்போதே நகல் நடக்கும். அதில் படிக்க வராத சில செக்டர்களை மட்டும் மற்ற டிஸ்குகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும்.