கடலோர நடைதானே என்று கிளம்பும் முன்

அவரைக் கொண்டுவந்தபோது சட்டை முதுகில் உப்பு கோடு கோடாகக் காய்ந்திருந்தது. வயது அறுபதைத் தாண்டியவர். கூட வந்த மனைவியின் கையில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா. என்னைப் பார்த்ததும், தமிழில் பேசியதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "காலையில பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் கரெக்டா குடுத்துட்டேன் சிஸ்டர், அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?" என்று திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார்.

நான் இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் அவசரப் பிரிவுச் செவிலியர். சிங்க்வே தெர்ரே என்று உலகமே படம் பிடித்துப் போடுகிற ஐந்து ஊர்கள் (மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே) இந்தக் கரையில்தான் இருக்கின்றன. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 1999இல் தேசியப் பூங்கா ஆனது. ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பாதைகளிலிருந்து சுளுக்கு, எலும்பு முறிவு, வெயில் மயக்கம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நம் ஊர்க் குடும்பங்களும் இப்போது நிறைய வருகிறார்கள், பெரும்பாலும் வயதான அப்பா அம்மாவோடு. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக அந்தக் குடும்பத்தின் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்தது மாறவில்லை.

அவரும் அவருடைய மகனும் காலை பதினொன்றரைக்கு வெர்னாட்சாவில் கிளம்பியிருக்கிறார்கள். கொர்னீலியாவுக்கு நான்கு கிலோமீட்டர்கூட இல்லை என்று கைப்பேசி காட்டியிருக்கிறது. மெரினாவில் காலையில் அதைவிட அதிகம் நடக்கிறவர்தான் அவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், காலில் துணி ஷூ. வழியில் ப்ரேவோ என்று நாலைந்து வீடு உள்ள ஒரு இடம் வரும், அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் மகனிடம் "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பாதையில் ஏது பஸ்? மகன், அப்பா களைப்பில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டான். பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட, எதிரே வந்த ஒரு பெண்மணி அவர் முகத்தைப் பார்த்த உடனே தன் பையிலிருந்த தண்ணீரை எல்லாம் அவர் தலையிலும் கழுத்திலும் ஊற்றிவிட்டு, இங்கே அவசர உதவி எண்ணான 112க்குப் போன் செய்திருக்கிறார். அந்தத் தண்ணீர்தான் அவரைக் காப்பாற்றியது என்று எங்கள் டாக்டர் சொன்னார், நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கடலோரப் பாதை என்றதும் நம் மனதில் வருவது மணல், சமதளம், காற்று. இங்கே கரை என்பது மலைதான், மலை நேராகக் கடலில் இறங்குகிறது. ஆயிரம் வருடமாக விவசாயிகள் அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டி, சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, திராட்சையும் ஆலிவும் வைத்திருக்கிறார்கள். நாம் இன்று "ட்ரெயில்" என்று சொல்வது அந்த மனிதர்கள் கூடையைச் சுமந்து ஏறி இறங்கிய வழி. வண்டி போகாது. அறுவடைக் காலத்தில் திராட்சையை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள் என்றால் சரிவு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெர்னாட்சாவில் கடல் மட்டத்தில் கிளம்பினால் ப்ரேவோவில் சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். கைப்பேசியில் தெரிகிற நான்கு கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட அறுபது மாடிக் கட்டிட உயரத்துக்கு ஏற்றம் ஒளிந்திருக்கிறது, அதுவும் ஒரே அளவில் இல்லாத கல்படிகளில்.

அடுத்தது வெயில். "நாங்க சென்னை வெயிலையே பாத்தவங்க" என்று நம்மவர்கள் சொல்லாத நாளே இல்லை. சென்னை வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் அறுபது மாடி ஏறியிருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும், ஏசி அறையில் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். பத்து நாள் சுற்றுலாவில், முந்தின நாள் இரவு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வருகிறவருக்கு அந்தப் பழக்கம் உதவாது. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஒரு விஷயம் இங்கே வந்து கொஞ்ச காலம் வாழ்ந்தால்தான் புரியும். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்தது. காலையில் மலைக்குப் பின்னால்தான் சூரியன் வரும், அதனால் எட்டு, ஒன்பது மணி வரைகூடப் பல இடத்தில் நிழல் இருக்கும். மதியத்துக்கு மேல் வெயில் முழுசாகச் சரிவில் விழும், அந்தக் கல்சுவர்கள் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலை வரை நம் மேல் வீசும். ஆகவே ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் முடிய நடப்பதாக இருந்தால் காலை ஏழு மணிக்குப் பாதையில் இருங்கள், பத்தரைக்குள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஓட்டலில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் என்பார்கள். முந்தின நாளே ஒரு துண்டு ஃபொகாச்சா ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. உங்களால் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மே மாதம் வாருங்கள்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை கரெக்டாகக் கொடுத்தும் எப்படி ஆயிற்று? மாத்திரையும் அதில் ஒரு பங்கு. ரத்த அழுத்த மாத்திரை பலவற்றில் சிறுநீரைப் பிரிக்கிற மருந்து கலந்திருக்கும். அட்டையில் பெயருக்குப் பின்னால் "எச்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற அந்த வகை மருந்து. சர்க்கரைக்குத் தருகிற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் சர்க்கரையோடு தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. கிளிமிபிரைடு என்கிற சுகர் மாத்திரை போடுகிறவர் வெறும் காபியோடு மலை ஏறினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுகிறவருக்கு இதயம் வேகமாக அடித்து ஈடுகட்ட முடியாது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது வேறு ஆபத்து. ஊரில் கிளம்பும் முன், உங்கள் டாக்டரிடம் "வெயிலில் இரண்டு மணி நேரம் படியேறப் போகிறேன், இந்த மாத்திரைகளில் எதையாவது மாற்ற வேண்டுமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "டூர் போறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் பஸ் பயணம் என்றுதான் நினைப்பார். இன்சுலின் போடுகிறவர்கள் பேனாவை வெளிப்பையில் வெயில்படும்படி வைக்காதீர்கள், சூட்டில் அது கெட்டுவிடும்.

தண்ணீர் ஊர்களுக்குள் குழாயில் கிடைக்கும், குடிக்க நல்ல தண்ணீர். இரண்டு ஊருக்கு நடுவில் கிடைக்கும் என்று நம்பி நடக்காதீர்கள். ஒரு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் முதுகில் இருக்கட்டும், கூடவே ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், உப்பு போட்ட ஏதாவது தின்பண்டம். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்து, ரத்தத்தில் சோடியம் இறங்கித் தள்ளாடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதில் எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பேச்சு மாறினால் அது களைப்பு இல்லை. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு இருக்கும்போதும் ஒருவர் தெளிவாகப் பேசுகிறார் என்றால் நிழலில் படுக்கவைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரத்தில் தெளிகிறாரா என்று பார்க்கலாம். அவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிச்சலில் கத்தினாலோ, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பினாலோ, அதை வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்த்துக்கொண்டிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், நடந்து வந்தவருக்கு வியர்வை நிற்காமலேயே வெப்பத் தாக்கு வரும். உடனே 112. ஆள் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், மேல்துணியைத் தளர்த்தி, கையில் இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், துண்டு, தொப்பி எது கிடைத்தாலும் சரி. நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

2024 ஜூனில் கிரேக்கத்தின் சைமி தீவில் பிரிட்டன் டாக்டரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மைக்கேல் மோஸ்லி, மதிய நேரத்தில் கடற்கரையிலிருந்து தனியாக நடந்து போய்க் காணாமல் போனார். நாலு நாள் தேடியபின் ஒரு கடற்கரை விடுதியின் வேலிக்கு அருகில் உடல் கிடைத்தது. மரணத்துக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வெப்பத் தாக்காகவோ கண்டுபிடிக்க முடியாத வேறு உடல்நலக் காரணமாகவோ இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். உடல்நலத்தைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், 67 வயது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வார்டில் யாரும் அதிகம் பேசவில்லை, ஏனென்றால் அந்த நடையை எங்களில் யார் வேண்டுமானாலும் நடந்திருப்போம்.

கால் விஷயம். பூங்கா நிர்வாகம் 2019இல் ரப்பர் செருப்போடு மலைப்பாதைக்கு வருகிறவர்களுக்கு 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று அறிவித்தது. கடுமையாகத் தெரியும், ஆனால் அந்தச் செருப்பில் வந்து கணுக்கால் பிரண்டவர்களுக்குக் கட்டுப் போட்ட எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், புதுசாக வாங்கியதை முதல்முதலாக இங்கே போடாதீர்கள். விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்குவதால் நாமே நிற்கிறோம், இறங்கும்போது சுலபமாக இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது, அதுதான் அந்தத் தசைக்குக் கடினமான வேலை. ஒரு மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். நடுங்கினால் உட்காருங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் இரண்டு கைத்தடி எடுத்து வாருங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினால் அதைவிட நல்ல மருந்து இல்லை. கணுக்கால் பிரண்டு, நாலு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றால் தைலம் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011 அக்டோபர் 25ஆம் தேதி சில மணி நேர மழையில் வெர்னாட்சாவும் மோன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்கள் போயின. கவனிப்பார் இல்லாமல் விட்ட கல்சுவர்கள் இடிந்தால் சரிவும் சேர்ந்து இறங்கும். அடுத்த வருடம் செப்டம்பரில் ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள, காதல் பாதை என்று பெயர் பெற்ற வழியில் பாறை விழுந்து நாலு பேர் காயப்பட்டார்கள், அந்த ஒரு கிலோமீட்டர் பாதை முழுதாகத் திறக்க 2024 வரை ஆனது. ஆகவே ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்து பாதையை மூடியிருந்தால், கயிற்றைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் நீங்களும் போகாதீர்கள். சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், அது யாரோ ஒரு விவசாயி போன குளிர்காலத்தில் கையால் அடுக்கியது.

112க்குப் போன் செய்தால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே, கடைசியாகப் பார்த்த பலகையில் என்ன எண், என்ன பெயர் என்று சொல்லுங்கள். சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய கல்லிலும் சில இடங்களில் எண் இருக்கும். போகும்போதே அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலை மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சரைக் கையில் சுமந்துதான் அந்தப் படிகளில் நடக்க வேண்டும், நேரம் ஆகும்.

அப்பா அம்மாவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஐந்து ஊரையும் ரயில் இணைக்கிறது, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில நிமிடம்தான். கொர்னீலியா மட்டும் சுமார் நூறு மீட்டர் மேலே இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து 380 படி வரை ஏற வேண்டும், அங்கே சிறிய பஸ்ஸும் ஓடும். கொர்னீலியா தவிர மற்ற நாலு ஊருக்கும் பருவ காலத்தில் படகு உண்டு. நீங்கள் விடியற்காலையில் நடந்துவிட்டு வாருங்கள், அவர்களை ஒன்பதரை மணி ரயிலில் வரச் சொல்லி வெர்னாட்சா துறைமுகத்தில் சந்தியுங்கள். அங்கே தேவாலயத்தின் பக்கம் காலையில் நல்ல நிழல். அந்த ஐயா நாலாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனபின் அங்கேதான் போய் உட்கார்ந்து, படகிலிருந்து மீன் பெட்டி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மகன் படம் அனுப்பியிருந்தான்.