பருப்பு உடைவது யாருடைய குறை?

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைகளில், வேலை செய்யும் பெண்கள் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி, விரல் நுனியில் புண், நீர்க்கடுப்பு என்று நான் எழுதுபவை, அவர்களுடைய ஆபீஸ் கணக்கில் ‘உடைசல் அதிகம்’, ‘அடிக்கடி லீவு’ என்று பதிவாகின்றன.

முந்திரியில் முழுப் பருப்புக்குத்தான் நல்ல விலை. ஓட்டில் இருக்கும் எண்ணெயோ தோலைப் பொசுக்கிவிடும். கையுறை போட்டால் பிடி நழுவும், எடை குறையும், கூலியும் குறையும். அதனால் பலர் சாம்பலையோ வேறு எண்ணெயையோ கையில் தடவிக்கொண்டு கொட்டையைத் தட்டி உடைக்கிறார்கள். வெந்த விரலால் பருப்பு சிதையாமல் எப்படித் தட்டுவது? அந்த நிலையில், உடைசல் கூடியவரின் பெயரை எல்லோர் முன்னிலும் சொல்லித் திட்டுகிற மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். திட்டு வாங்கிய கை பதறும். உடைசல் இன்னும் கூடும்.

நீர்க்கடுப்போடு திரும்பத் திரும்ப வந்த ஒரு அம்மாவிடம், “பகலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “ஆபீஸில் குடிக்க மாட்டேன் டாக்டரம்மா. கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை” என்றார். சூளைச் சூடு பரவும் கூடத்தில் நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்! மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கொண்டி போடாதவரை அது பாதி வைத்தியம்தான்.

நல்ல நிர்வாகத்தையும் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் மேற்பார்வை செய்யும் பெண், காலையில் வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவர் கையையும் பார்ப்பார். புண் இருந்தால் ஆறும்வரை எடை போடும் வேலைக்கு மாற்றிவிடுவார். முதலாளி அந்த நாட்களுக்கும் கூலியைக் குறைப்பதில்லை. இதில் முக்கியம் அந்தக் கூலிதான். அது குறையும் என்றால் எந்தத் தொழிலாளியும் புண்ணைக் காட்ட மாட்டார், கையை மறைத்துக்கொண்டு தட்டுவார்.

உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கும் அந்த உரிமையைத் தர 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. முதலாளிகளே, குந்தி உட்காரும் இடத்தில் முதுகு சாயும்படி ஓர் இருக்கையும், கழிவறைக் கதவுக்கு ஒரு கொண்டியும் முதலில் போடுங்கள். உடைசல் கணக்கைப் பிறகு பாருங்கள்.

தொழிலாளர்களுக்கு ஒன்று: நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். லீவு கேட்கத் தயங்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள்.