மைப்பெட்டியோடு வராதீர்கள்

போன வாரமும் ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில் பெரியவர், பக்கத்தில் மகள், அவர் மடியில் மைப்பெட்டி. “லோயர், அப்பாவால மாடி ஏற முடியாது. பேப்பரைக் கீழ கொண்டாங்க, கைநாட்டு வெச்சிடுறோம்.” இறங்கிப் போய், “ஐயா, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தவர், “கிராணி, பால் நிறுவை முடிஞ்சிருச்சா?” என்றார். என்னை ரப்பர் பால் நிறுக்கும் தோட்டத்துக் கணக்கர் என்று நினைத்துவிட்டார். அவர் வேலை செய்த தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டுப் பல வருஷம் ஆகிறது.

திருப்பி அனுப்பிவிட்டேன். மகளுக்கு என்மேல் கடுங்கோபம். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தம்பி ஜொகூரில், தங்கை கிள்ளானில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் பணம் வேண்டும். இருப்பதோ தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய மலிவு விலை வீடு ஒன்றுதான், கிராண்ட் (வீட்டுப் பத்திரம்) அப்பா பெயரில். இதே கதைதான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, கார் மட்டும் மாறுகிறது.

கைநாட்டில் எந்தத் தப்பும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் வைக்கும் கைநாட்டு, அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டியிருந்தால், கையெழுத்துக்குச் சமம். வைப்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாதவரின் விரலைப் பிடித்து நீங்கள் அழுத்தினால் அது உங்கள் கைநாட்டு, அவருடையது அல்ல. பெற்ற பிள்ளை என்பதால் அப்பா சொத்தில் அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடாது. கட்டிய மனைவிக்கும் வராது. அவர் உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது, பேங்க் பணமும் அவருடையது.

அடுத்து, “பவர்”, அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். ‘எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே பவர் எழுதி வாங்கிட்டோம்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருபவர்கள் உண்டு. கோர்ட்டில் பதிந்த முத்திரையைக் காட்டுவார்கள். நானும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். மலேசியாவில் சாதாரண பவர், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். அவருக்கு மறதி நோய் முற்றி, சொல்வது விளங்காத நிலை வந்ததும் பவரும் போய்விடுகிறது. எந்த நாளுக்காக வாங்கி வைத்தீர்களோ அந்த நாளில்தான் அது உதவாது! விலை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் திரும்பப் பெற முடியாத பவர் வேறு ரகம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் இருந்தால் இங்கே ஒரு வாக்குவாதம் நிச்சயம். “அங்க எல்லாம் செய்யிறாங்களே?” செய்கிறார்கள். புத்தி தவறிய பிறகும் செல்லக்கூடிய நீடித்த பவருக்கு அங்கே தனிச் சட்டம் இருக்கிறது, 2010 முதல் நடப்பில் உள்ளது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கேயும் அதைப் புத்தி தெளிவாக இருக்கும்போதுதான் எழுத முடியும். மைப்பெட்டி அங்கேயும் உதவாது.

அப்போது என்னதான் வழி? 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எங்களுக்கு ஈப்போ. டாக்டர் சான்று, குடும்பத்தார் சத்தியப் பிரமாணம், விசாரணை, பிறகு அவருடைய காரியங்களைக் கவனிக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். அவரும் நினைத்தபடி வீட்டை விற்க முடியாது. நேரமும் பணமும் கரையும், பிள்ளைகளுக்குள் சண்டை இருந்தால் இரட்டிப்பாகக் கரையும்.

ஆகவே, ஐம்பதைத் தாண்டியவர்களே, உங்களிடம்தான் நேரடியாகக் கேட்கிறேன். நன்றாக நடந்து, நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து யோசியுங்கள். தள்ளாத வயதில் எந்தப் பணத்தில் பிழைப்பீர்கள், எந்த வீட்டில் இருப்பீர்கள்? வீட்டை விற்க வேண்டி வருமென்றால் நீங்களே விற்றுவிடுங்கள், பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் கொடுத்த பிறகு எங்கே படுப்பீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மகன் பெயருக்கு மாற்றிவிட்டு, வாடகை அறையிலிருந்து வந்து அழுபவர்களையும் எனக்குத் தெரியும்.

ஈபிஎஃப்பில், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமநிதியில், உங்களுக்குப் பிறகு பணம் வாங்க யார் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ கொடுத்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். அண்ணன் இருந்தால் பணம் அவருக்குத்தான், மனைவிக்கு இல்லை. உயிலில் மாற்றி எழுதினாலும் ஈபிஎஃப் நியமனம் மாறாது. ஈபிஎஃப்புக்கே போய் மாற்றுங்கள், நாளைக்கே. (முஸ்லிம்களுக்கு இந்த நியமனம், பங்கு, உயில் எல்லாவற்றுக்கும் விதி வேறு, இங்கே சொல்வது மற்றவர்களுக்கு.)

‘உயில் எதுக்கு, எல்லாம் பொண்டாட்டிக்குத்தானே’ என்பார்கள். இல்லை. உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் அதுவும் நாலில் ஒன்றாகிவிடும். உயில் எழுதும்போது இரண்டு சாட்சிகள் ஒன்றாக எதிரே இருக்க வேண்டும். மருமகளைச் சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள், மகனுக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும்.

பழைய இரும்புப் பெட்டியையும் ஒருமுறை கிளறுங்கள். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு இந்த ஊரில் பல வீடுகளில் துணிக்கு அடியில் கிடக்கிறது. கரையான் அரித்த பிறகு என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

மறதி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். தெளிவாக இருக்கும் நாளில் டாக்டரிடம் காட்டி, சொல்வது புரிந்து முடிவெடுக்கிறார் என்று எழுதி வாங்கி, கையோடு அழைத்து வாருங்கள். காலை நேரம் நல்லது, மத்தியானத்துக்கு மேல் பலருக்குக் குழம்பிவிடுகிறது.

வந்தால் பெரியவரோடு நான் தனியாகத்தான் பேசுவேன். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிள்ளைகள் அதுவரை எதிர்க் கடையில் தேத்தண்ணி குடிக்கலாம்.