யோஷிதாவின் முதல் எழுத்து: ஜப்பானியப் பெயர்களைத் தரவுத்தளம் எப்படிக் கையாள்கிறது?

ஜப்பானில் யோஷிதா என்பது பரவலான குடும்பப்பெயர். அதன் முதல் எழுத்தான 'யோஷி'க்கு நற்பேறு என்று பொருள். அந்த எழுத்தின் மேற்பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கிடைக்கோடுகள் உண்டு. பெரும்பாலோர் மேல்கோட்டை நீளமாகவும் கீழ்க்கோட்டைக் குட்டையாகவும் எழுதுவார்கள். சில குடும்பங்களில் கீழ்க்கோடுதான் நீளம். மாட்டிறைச்சிச் சோற்றுக்குப் பெயர்போன யோஷினோயா உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருப்பதும் இந்த இரண்டாம் வடிவமே. இரண்டுக்கும் ஒலி ஒன்று, பொருள் ஒன்று. ஆனால் உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் தரநிலையான யூனிகோடில் முதல் வடிவத்தின் எண் 21,513. இரண்டாவதன் எண் 1,34,071. இரண்டுக்கும் நடுவே 65,535 என்ற எல்லைக்கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் விழுந்ததால்தான் இரண்டாம் வடிவத்துக்கு இத்தனை பாடு.

தரவுத்தளத்துக்குத் தெரிந்ததெல்லாம் பைட்டுகள். ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஜப்பானிய மொழியிலோ ஹிரகானா, கத்தகானா என்று இரண்டு அசையெழுத்து வரிசைகள், அவற்றோடு சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் ஆயிரக்கணக்கில். 1978-இல் வெளியான ஜப்பானியத் தொழில் தரநிலை, 94 வரிசையும் 94 நிரலும் கொண்ட கட்டத்தில் 6,300-க்கும் மேற்பட்ட கான்ஜிகளை அடுக்கியது. ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்கு அங்கே தொடங்கியது.

அதற்கு முன்பே, 1969-இல், கத்தகானாவை மட்டும் ஒற்றை பைட்டில் எழுதும் தரநிலை ஒன்று புழக்கத்துக்கு வந்து, 161 முதல் 223 வரையான எண்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் தனிக்கணினிகளுக்காக உருவான ஷிஃப்ட்-ஜேஐஎஸ் குறியேற்றம் (குறியேற்றம் என்பது எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) அந்தப் பழைய எண்களைத் தொடவில்லை. கான்ஜியின் முதல் பைட்டை மிச்சமிருந்த இடைவெளிகளில் நுழைத்தது. முதல் பைட்டுக்கு இடம் குறைந்துபோனதால் இரண்டாம் பைட்டின் வீச்சை விரிக்க வேண்டியிருந்தது; அது ஆங்கில எழுத்துகள் குடியிருக்கும் பகுதிக்குள்ளும் போனது. அந்தப் பகுதியில்தான் 92 என்ற எண் இருக்கிறது. அது பின்சாய்வுக்கோடு. (ஜப்பானியத் தரநிலையில் அதே எண்ணில் யென் குறி இருப்பதால், ஜப்பானிய விண்டோஸில் கோப்புறைப் பாதைகளுக்கு நடுவே யென் குறி தெரியும்.)

தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லின் வாக்கியத்தில் உரையை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவோம். மைஎஸ்கியூஎல் உள்ளிட்ட சில தரவுத்தளங்களில் பின்சாய்வுக்கோட்டை அடுத்து வரும் மேற்கோள் குறி, உரையை முடிக்கும் வேலையை இழந்து சாதாரண எழுத்தாகிவிடும். இப்போது கத்தகானா 'ஸோ'வைப் பாருங்கள்: ஷிஃப்ட்-ஜேஐஎஸ்ஸில் அதன் பைட்டுகள் 131, 92. இந்த எழுத்தில் முடியும் ஓர் உரையை, குறியேற்றம் தெரியாத நிரல் பைட் பைட்டாகப் படித்தால், கடைசி 92 தன் பின்னால் வரும் மேற்கோள் குறியை விழுங்கிவிடும். உரை முடியாமல் வாக்கியம் உடையும். 'அட்டவணை' என்று பொருள்படும் 'ஹியோ' என்ற கான்ஜிக்கும் இதே கதி. அது 149, 92. ஜப்பானிய நிரலர்கள் இத்தகைய எழுத்துகளை 'தமே மொஜி', அதாவது உதவாத எழுத்துகள் என்றே அழைக்கிறார்கள்.

இதைத் தாக்குதலாகவும் மாற்றலாம். ஒருவர் படிவத்தில் 149 என்ற பைட்டையும் அதையடுத்து ஒரு மேற்கோள் குறியையும் வேண்டுமென்றே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக நிரல் அந்த மேற்கோள் குறிக்கு முன்னால் 92-ஐச் சேர்க்கிறது. சேர்த்ததும் 149-ம் 92-ம் ஒட்டிக்கொண்டு 'ஹியோ' ஆகிவிடுகின்றன. மேற்கோள் குறி காவலின்றி வெளியே நிற்கிறது. அதற்குப் பிறகு அவர் எழுதுவதெல்லாம் கட்டளை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் குழு 2006-இல் இந்த வகை ஓட்டைகளுக்காகவே பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டது. ஷிஃப்ட்-ஜேஐஎஸ்ஸைச் சேமிப்புக் குறியேற்றமாக வைக்க போஸ்ட்கிரெஸ் இன்றுவரை அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அந்தக் குறியேற்றத்தில் வரும் உரையை மாற்றி உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மதிப்புகளை வாக்கியத்தில் ஒட்டாமல் தனி அளவுருக்களாக அனுப்பினால் இந்தச் சிக்கலே எழாது.

யூனிகோட் எண்களை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 இந்தக் குழப்பத்தை அடிப்படையிலேயே தீர்த்தது. அதில் பல பைட் எழுத்தின் எந்த பைட்டும் 128-க்குக் கீழே வராது. ஆகவே கான்ஜிக்குள் பின்சாய்வுக்கோடு ஒளிந்திருக்க வழியில்லை. ஹிரகானா, கத்தகானா, பெரும்பாலான கான்ஜி எல்லாம் மூன்று பைட். (தமிழ் எழுத்துகளும் அப்படியே: 'அ' என்பது 224, 174, 133.) 65,535-க்கு மேற்பட்ட எண்களுக்கு நான்கு பைட் வேண்டும். நீளக் கீழ்க்கோட்டு 'யோஷி' 240, 160, 174, 183 ஆகிறது.

மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்8' என்று பெயரிடப்பட்டிருந்த குறியேற்றம் மூன்று பைட்டோடு நின்றுவிட்டது. அதில் இந்த யோஷிதா தன் பெயரைப் பதிந்தால் என்ன ஆகும்? தவறான மதிப்பை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை அணைந்திருந்தால், புரியாத எழுத்து வந்த இடத்திலேயே உரை வெட்டப்படும். ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவாகும். அவர் பெயரின் முதல் எழுத்தே அதுதான். ஆகவே நெடுவரிசையில் எஞ்சுவது வெற்று உரை: குடும்பப்பெயரும் இல்லை, இயற்பெயரும் இல்லை. நான்கு பைட் தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4' 2010-இல் 5.5 பதிப்போடு வந்தது, 2018-இல் 8.0 பதிப்பில்தான் அது இயல்புநிலை ஆனது. பெரும்பாலான இமோஜிகளும் நான்கு பைட் என்பதால், ஜப்பானியப் பெயர்க்காரர்களின் இந்தத் தொல்லை பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த பிழையாயிற்று. இன்று புதிதாக அட்டவணை அமைப்பவர் மூன்று பைட் வகையைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீளக் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நெடுவரிசைக்கு 20 என்று அளவு கொடுத்தால் மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸ்ஸும் 20 எழுத்து என்று கொள்ளும். ஆரக்கிள் தரவுத்தளம், வேறு மாதிரி சொல்லாதவரை, 20 பைட் என்று கொள்ளும். ஷிஃப்ட்-ஜேஐஎஸ் காலத்தில் அதில் பத்துக் கான்ஜி அடங்கின. யூடிஎஃப்-8-க்கு மாறியதும் ஆறுதான் அடங்கும். பழைய அமைப்புகளை இடம்பெயர்க்கும்போது முகவரி நெடுவரிசைகள் முதலில் முறிவது இதனால்தான்.

சேமித்தாகிவிட்டது. அடுத்து, இரண்டு உரைகள் ஒன்றா வேறா என்று ஒப்பிட வேண்டும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. ஒப்பீட்டு விதியைக் கொலேஷன் என்கிறோம். மைஎஸ்கியூஎல்லின் பழைய பொது விதி, 65,535-ஐத் தாண்டிய எல்லா எழுத்துகளுக்கும் ஒரே எடையைக் கொடுத்தது. அந்த விதிப்படி சுஷி இமோஜியும் பீர் குவளை இமோஜியும் சமம். சுஷியைத் தேடினால் பீரும் வரும். ஜப்பானில் இதற்கு 'சுஷி-பீர் சிக்கல்' என்றே பெயர். இமோஜியோடு போயிருந்தால் பரவாயில்லை. நம் 'யோஷி'யும், 'ஹொக்கே' என்ற மீனின் பெயரை எழுதும் கான்ஜியும் கூட இந்த விதிக்கு ஒன்றே.

8.0 பதிப்பின் இயல்பு விதி சுஷியையும் பீரையும் பிரித்தது. ஆனால் அது ஒலிக்குறிகளைப் பொருட்படுத்தாது. ஜப்பானிய எழுத்தில் 'ஹ'வின் தோளில் சிறு வட்டம் போட்டால் 'ப'. வட்டத்தைக் கணக்கில் எடுக்காத விதிக்கு 'ஹஹ'வும் 'பப்பா'வும் ஒன்று. முதலாவது அம்மா, இரண்டாவது அப்பா. எழுத்தின் அளவையும் அது பார்ப்பதில்லை. சிறிய 'யோ' போட்டு எழுதினால் மருத்துவமனை, பெரிய 'யோ' போட்டு எழுதினால் அழகு நிலையம். விதிக்கு இரண்டும் ஒன்றே. பிரெஞ்சுச் சொற்களில் உச்சரிப்புக் குறியை விட்டுத் தேடுவதற்கு வசதியான ஏற்பாடு, ஜப்பானியத்தில் வேறு சொல்லையே கொண்டுவந்துவிடுகிறது. அதனால் 8.0-இல் ஜப்பானியத்துக்கென்று தனி விதிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஹிரகானாவையும் கத்தகானாவையும் சமமாகக் கொள்ளும், மற்றது பிரித்துப் பார்க்கும். எது சரி என்பது நெடுவரிசையைப் பொறுத்தது: பெயர் தேடலுக்கு முதலாவது, கடவுச்சொல் போன்றவற்றுக்கு இரண்டாவது.

வங்கிகளின் பணப்பரிமாற்ற வடிவத்தில் இன்னும் 1969-இன் அரையகலக் கத்தகானா வாழ்கிறது. அதில் 'க'வை 'ga' ஒலியாக்கும் இரட்டைக்கோடு தனி எழுத்தாக நிற்கும். முழு அகல வடிவில் இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்குத் தனிச் செயற்கூறு உண்டு.

தேடலில் வேறொரு தொல்லை. ஜப்பானிய வாக்கியத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. டோக்கியோ மாநகரின் முழுப்பெயர் மூன்று கான்ஜி: கிழக்கு, தலைநகர், மாநகர். இவற்றில் கடைசி இரண்டையும் தனியே படித்தால் கியோட்டோ! முகவரியில் கியோட்டோவைத் தேடுபவருக்கு டோக்கியோவாசிகள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். உரையை இரண்டிரண்டு எழுத்தாக நறுக்கி இண்டெக்ஸ் செய்யும் முறை எதையும் தவறவிடாது. ஆனால் இந்தப் போலிப் பொருத்தத்தை அதனால் தடுக்க முடியாது. மெகாப் போன்ற சொற்பகுப்பி அகராதியின் துணையோடு சொல்லெல்லையைக் கண்டுபிடிக்கும். அகராதியில் இல்லாத புதுப்பெயர் வந்தால் தடுமாறும். மைஎஸ்கியூஎல் 5.7 இரண்டையும் தருகிறது.

கடைசியாக வரிசைப்படுத்தல். ஜப்பானியப் பெயர்ப்பட்டியல் ஒலிவழியே அடுக்கப்படும்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க வரிசை. பௌத்தத்தோடு போன இந்திய எழுத்திலக்கணத்தின் தாக்கம் அது, தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும். ஆனால் கான்ஜியில் ஒலி எழுதப்படுவதில்லை. ஆறு, சமவெளி என்ற இரண்டு கான்ஜிகளால் எழுதப்படும் குடும்பப்பெயர் ஒரு வீட்டில் கோனோ, இன்னொரு வீட்டில் கவானோ. எந்த நிரலாலும் எழுத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் ஜப்பானியப் படிவங்களில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். அட்டவணையிலும் இரண்டு நெடுவரிசைகள்: ஒன்று கான்ஜிக்கு, ஒன்று ஃபுரிகானா எனப்படும் ஒலி வாசிப்புக்கு. வரிசைப்படுத்துவது இரண்டாவதை வைத்து.

இந்த இரண்டாவது நெடுவரிசையை ஊகித்து நிரப்பினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் 2007-இல் பார்த்தது. உரியவர் யார் என்று இணைக்க முடியாத ஓய்வூதியப் பதிவுகள் ஏறத்தாழ 5 கோடி என்று அப்போது தெரியவந்தது. காகிதப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது கான்ஜிப் பெயர்களுக்குத் தவறான வாசிப்பு கொடுத்ததும் அதன் காரணங்களில் ஒன்று.

குடிமக்களின் அடிப்படை ஆவணமான குடும்பப் பதிவேட்டிலேயே பெயரின் வாசிப்புக்கு இடம் இல்லாமல்தான் இருந்தது. திருத்தப்பட்ட சட்டம் 2025 மே 26 அன்று நடைமுறைக்கு வந்த பிறகே ஃபுரிகானா அதில் ஏறத் தொடங்கியது. நகராட்சிகள் ஒவ்வொருவருக்கும் உத்தேச வாசிப்பை அஞ்சலில் அனுப்பின. தவறாக இருந்தால் திருத்தம் தெரிவிக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த உத்தேசங்களுக்கு ஆதாரமாகக் கொண்டது, குடியிருப்புப் பதிவுக்காக நகராட்சிகள் தங்கள் வசதிக்கு வைத்திருந்த வாசிப்புத் தரவுகளையே.